நாற்பத்தெட்டு நாள் சூரணம்

திண்டிவனம்
2.2.2025

அன்பு அக்காவுக்கு,

கலைப்பிரியா எழுதுகிறேன். நானும் அவரும் சௌக்கியம். உன் முதுகுவலி தேவலையா? அஸ்வினி பிளஸ் டூ தேர்வுக்குத் தூங்காமல் படிக்கிறாளாமே, கொஞ்சம் தூங்கச் சொல்.

தினம் போனில் பேசுகிறவள் கடிதம் போடுகிறாளே என்று பயந்துவிடாதே. இந்த விஷயத்தைப் போனிலும் வாட்ஸப்பிலும் பேசவே கூடாது என்று வக்கீல் தமிழ்மணி சொல்லிவிட்டார். "ஒரு வரிய வெட்டி ஸ்கிரீன்ஷாட் எடுத்தா போதும் மேடம், கோர்ட்ல அதுக்கு வேற அர்த்தம் ஆயிடும்" என்றார்.

ஆமாம், வக்கீல்தான். உன் முதலாளி தாண்டவராயன் எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணின் அப்பா கிருஷ்ணசாமி, ரிடையர்டு கண்டக்டர். சர்க்கரைக்கு உங்கள் மூலிகை மருந்து மையத்தின் நாற்பத்தெட்டு நாள் சூரணம் சாப்பிட்டுவந்தார். கார்த்திகை மாதக் கிருத்திகைக்கு விரதம் இருந்து மயிலம் மலையேறியவர் பாதிப் படியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை முப்பத்து நாலு. வெறும் மூலிகை சாப்பிட்டவருக்கு இப்படி இறங்காதே என்று டாக்டருக்குச் சந்தேகம். நான் கெமிஸ்ட்ரி நடத்துகிறவள் என்பதால் மீதிச் சூரணத்தை அந்தப் பெண் என்னிடம் கொண்டுவந்தாள். சென்னையில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். சர்க்கரையைக் குறைக்கும் இங்கிலீஷ் மாத்திரை அதில் கலந்திருக்கிறது. அதைத்தான் 'குடுவை' மாத இதழில் எழுதினேன்.

என் கட்டுரை அவதூறாம். பதினைந்து நாளில் மன்னிப்புக் கேட்காவிட்டால் வழக்காம்.

நீ வேலை பார்க்கும் இடம் என்று தெரிந்தும் உன்னிடம் முன்கூட்டிச் சொல்லாமல் எழுதினேன். சொன்னால் தடுப்பாயோ என்று பயம். அது என் தப்பு. திட்டியாவது பதில் போடு.

உன் தங்கை,
கலை

*

விழுப்புரம்
11.2.2025

அன்புள்ள கலைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முதுகுவலி பரவாயில்லை. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

திட்டுவதற்கு என்ன இருக்கிறது? உன் கட்டுரையை மூன்று தடவை படித்தேன். பக்கத்து வீட்டு இருதயமேரியிடமும் காட்டினேன். "உன் தங்கச்சியா இதெல்லாம் எழுதினது?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே மறுபடி ஒருமுறை காட்டலாம் போலிருந்தது.

ஆனால் கலை, முதலாளி கெட்டவர் இல்லை. அஸ்வினி அப்பா லாரியில் அடிபட்டுப் போனபோது நம் சொந்தக்காரர்களே பதினாறாம் நாளோடு போய்விட்டார்கள். இவர் வீட்டுக்கே வந்து, "வேணிம்மா, திங்கக்கெழமலேர்ந்து பேக்கிங்குக்கு வந்துடு" என்று சொன்னார். படிப்பு என்ன, வயது என்ன என்று எதுவும் கேட்கவில்லை. நீ ஒரு வார்த்தை வருத்தம் என்று எழுதிவிட்டால் இதோடு முடிந்துவிடும்.

ஒரு சந்தேகம். ஒரு மூட்டைப் பொடியில் கொஞ்சமே கொஞ்சம் கலந்தால்கூட அந்த ஆய்வகத்தில் தெரிந்துவிடுமா?

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கட்டைவிரல் நுனி வெடித்திருக்கிறது. இப்போது உள்ளே நுழையும்போதே எங்கள் போனை ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் நீயும் கடிதமே போடு. இருதயமேரி வீட்டு விலாசத்துக்கு அனுப்பு.

அன்புடன்,
வேணி

*

திண்டிவனம்
23.2.2025

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவு, தண்ணீரில் அதிகம் வைக்காதே.

சந்தேகத்துக்குப் பதில்: தெரிந்துவிடும். பொடியைக் கரைத்து ஒரு தகட்டில் ஏறவிட்டால் ஒவ்வொரு பொருளும் அதனதன் உயரத்தில் புள்ளியாக நின்றுவிடும். நாவல்கொட்டை நிற்கிற இடத்தில் மாத்திரை நிற்காது. பிறகு கருவியில் வைத்து எவ்வளவு என்றும் அளந்துவிடுவார்கள்.

மன்னிப்பு மட்டும் கேட்க முடியாது, அக்கா. நம் ஊர் வைத்தியத்தைப் பற்றி நான் ஒரு சொல்லும் தப்பாக எழுதவில்லை. ஆவாரம்பூவில் நம்பிக்கை வைத்துக் காசு கொடுத்தவருக்கு ஆவாரம்பூதானே கொடுக்க வேண்டும்? மாத்திரை இருப்பது தெரிந்திருந்தால் கிருஷ்ணசாமி வெறும் வயிற்றில் மலையேறியிருக்க மாட்டார். எழுதியது உண்மை, பொது நன்மைக்காக எழுதியது என்று காட்டினால் சட்டத்தில் அது அவதூறு ஆகாது என்கிறார் தமிழ்மணி. காட்டுவதுதான் கஷ்டம். எனக்கு வந்தது பிரித்த டப்பா. நானே கலந்துவிட்டேன் என்று சொல்வார்களாம்.

நீ பேக்கிங்கில் இருக்கிறாயே, எப்போதாவது ஏதாவது கண்ணில் பட்டதுண்டா? சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடு. கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்புடன்,
கலை

*

விழுப்புரம்
22.3.2025

அன்புள்ள கலைக்கு,

நீயும் வீட்டுக்காரரும் நலம்தானே? இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது.

அஸ்வினி கெமிஸ்ட்ரி நன்றாக எழுதியிருக்கிறாளாம். "சித்தி கேட்டா சென்டம்னு சொல்லு" என்கிறாள். கணக்கில் ஒரு ஐந்து மார்க் கேள்வி விட்டுவிட்டாள். காணையில் என் நாத்தனார் வீட்டில் மல்லாட்டை பிடுங்கிவிட்டார்கள், ஒரு பை கொடுத்தனுப்பினாள். கடலை இளசு, அவித்துத் தின்கிற பதத்தில் இருக்கிறது. யாராவது திண்டிவனம் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். கோலியனூர் ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது, வேலைக்குப் போக அரைமணி கூடுதலாகிறது. இருதயமேரி உன்னை விசாரித்தாள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
வேணி

*

திண்டிவனம்
28.4.2025

அன்பு அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? ஏப்ரல் முதல் வாரம் போட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கிடைத்ததா என்றும் தெரியவில்லை. அதனால் மறுபடி எழுதுகிறேன். விழுப்புரம் நீதிமன்றத்தில் தாண்டவராயன் புகார் கொடுத்துவிட்டார். முன்பெல்லாம் புகாரைப் பார்த்ததுமே சம்மன் வந்துவிடுமாம். இப்போது புதுச் சட்டத்தில், வழக்கை எடுப்பதற்கு முன்னாலேயே எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டுமாம். அதனால் 24-ஆம் தேதி வந்திருந்தேன்.

உன்னைக் கோர்ட் வாசலில் எதிர்பார்த்தேன். பதினொரு மணிக்கு இருதயமேரி அக்கா ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். "வேணிக்கு லீவு கெடைக்கல. நீ வெளிய சாப்ட மாட்டன்னு பொங்கிக் குடுத்துது" என்றார். திறந்தால் எலுமிச்சம்பழச் சோறு, உன் கைப்பக்குவம். கோர்ட் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நானும் தமிழ்மணியும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம்.

மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் மையத்தில் மாதிரி எடுத்தார்களாம். ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. கட்டுரை வந்ததுமே சரக்கை மாற்றியிருக்க வேண்டும். இப்போது அவர்கள் வக்கீல், நான்தான் மாத்திரையைக் கலந்தேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார். கல்லூரியில், வழக்கு முடியும்வரை விடுப்பில் இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் சும்மா இருக்கிறேன். சமையல் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது.

அன்புடன்,
கலை

*

விழுப்புரம்
2.6.2025

அன்புள்ள கலைக்கு,

நலம். உன் நலம் கேட்டு எழுதுகிறேன். இரண்டு கடிதமும் கிடைத்தன. எழுதக்கூடாது என்று இல்லை. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

அஸ்வினி ஐந்நூற்று நாற்பத்தொன்று. நர்சிங்குக்குப் போட்டிருக்கிறோம்.

உன்னை விடுப்பில் அனுப்பியது படித்து மனது ஆறவில்லை.

கோர்ட்டில் சத்தியம் செய்வது எப்படி? புத்தகத்தின்மேல் கை வைக்கச் சொல்வார்களா? நமக்கு என்ன புத்தகம் வைப்பார்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேணி

*

திண்டிவனம்
16.6.2025

அன்பு அக்காவுக்கு,

அஸ்வினியிடம் சித்தி துள்ளிக் குதித்தாள் என்று சொல். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

போன வாரம் தமிழ்மணி, புகார்தாரர் தரப்புச் சாட்சிப் பட்டியலைக் கொண்டுவந்தார். என் கையில் கொடுக்காமல் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். இரண்டாவது பெயர்: வேணி, பேக்கிங் பிரிவு. "எழுதினவங்களோட சொந்த அக்காவே வந்து, சூரணத்துல மூலிகை மட்டும்தான்னு சொன்னா, அதுக்குமேல நம்ம பேச்சு எடுபடாதுங்க" என்றார்.

உன் கேள்வி அப்போதுதான் புரிந்தது. புத்தகம் எதுவும் வைப்பதில்லை, அக்கா. உண்மையைச் சொல்கிறேன் என்று வாயால் சொன்னால் போதும்.

உன்மேல் எனக்குக் கோபம் என்று நினைக்காதே. முதல் நாள் இருந்தது. அன்றைக்கு நான் உன்னிடம் பேசியிருந்தால் கண்டபடி பேசியிருப்பேன். இன்று இல்லை. நீ இல்லாவிட்டால் அஸ்வினிக்கு யார் என்றும் தாண்டவராயனுக்கு நீ எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். என்ன சொல்ல முடியுமோ அதைச் சொல். 26-ஆம் தேதி விசாரணை முடிந்து சாயங்காலம், நீ என்ன சொல்லியிருந்தாலும், நீ எனக்கு அக்காதான். அதில் எந்தக் கோர்ட்டும் தலையிட முடியாது.

கலை

*

விழுப்புரம்
28.6.2025

அன்புள்ள கலைக்கு,

நலமாக வீடு போய்ச் சேர்ந்தாயா? கோர்ட் வாசலில் நீ கையைப் பிடித்ததும் தமிழ்மணி தண்ணீர் கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஒன்றும் பேசாமல் பஸ் ஏற்றிவிட்டேனே, மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன்னிடம் ஒரு உதவி. கூண்டில் ஏறி உண்மையைச் சொல்கிறேன் என்று சொன்னது வரைக்கும் தெரிகிறது. அதற்குப் பிறகு காதில் ஒரே இரைச்சல். நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இருதயமேரி கேட்கிறாள், அஸ்வினி கேட்கிறாள். நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய் அல்லவா? நான் பேசியதை அப்படியே எழுதி அனுப்பு.

வேலை போய்விட்டது. அது தெரிந்ததுதான்.

அக்கா

*

திண்டிவனம்
1.7.2025

என் அக்காவுக்கு,

நான் நலம். இதுவரை எழுதிய எந்தக் கட்டுரைக்கும் இவ்வளவு கவனமாக உட்கார்ந்ததில்லை. நீ பேசிய ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

நீலப் பூப்போட்ட புடவையில் வந்தாய். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர்கள் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நீதிபதிதான் கேட்டார்.

"சூரணத்துல என்னென்ன சேர்ப்பீங்க?"

"நாவல்கொட்டை, வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சாங்க."

"வேற?"

நீ கம்பியைப் பிடித்துக்கொண்டாய். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"வெள்ளை மாத்திரைங்க."

வக்கீல் எழுந்தார். "அய்யா, சாட்சி பதட்டத்துல இருக்காங்க."

"அவங்க பேசட்டும்" என்றார் நீதிபதி.

"அட்டை அட்டையா வரும். அதுலேர்ந்து பிதுக்கி எடுத்துக் குடுக்கறதுதான் என் வேலை. ரெண்டு வருசமா பிதுக்கிக்கினு இருந்தேன். எதுக்குன்னு கேட்டா, பொடி கட்டி புடிக்காம இருக்கன்னாங்க. நம்பிட்டேன். அப்புறம் என் தங்கச்சி எழுதினத படிச்சேன். படிச்சு, இன்னாதுன்னு தெரிஞ்சப்புறமும் நாலு மாசம் பிதுக்கினேன். நடுவுல ஆபீசருங்க வந்தப்ப ஒரு பதினஞ்சு நாளுதான் நிறுத்தினாங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இத சொல்றதால உங்களுக்கே பிரச்சன வரலாம். தெரியுமா?"

"தெரியுங்க. அதான் முந்தாநேத்தே பொண்ண காணையில நாத்தனா வூட்ல வுட்டுட்டு வந்தேன்."

"தங்கச்சிக்காக சொல்றீங்களா?"

அக்கா, இந்த இடத்தில் நீ தலையை ஆட்டினாய். "இல்லீங்க. அவளுக்காகன்னா பிப்ரவரியிலயே சொல்லியிருப்பேன். சூரணம் வாங்க வர்றவங்க விடிகாலையிலயே டோக்கனுக்கு வந்து நிப்பாங்க. பாதி பேரு வெறும் வயித்தோட வருவாங்க. மருந்து சாப்டறதுக்கு முன்ன எதனா சாப்டுங்கன்னு ஒருத்தரும் அவங்களுக்கு சொல்லல. நானும் சொல்லல. அவங்க மூஞ்சிய பாத்துக்கினே எத்தினி நாளுதான் டப்பா மூடறது?"

தாண்டவராயன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ அவரைப் பார்த்துக் கும்பிட்டாய். அதுவும் உனக்கு ஞாபகம் இருக்காது. பிறகு இறங்கினாய்.

நான் வீட்டில் பாதுகாப்பாக உட்கார்ந்து, ஆய்வக அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியவள். எனக்குச் சம்பளம் நின்றாலும் என் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார். உனக்குப் பின்னால் யாரும் இல்லை. உன்னையே காட்டிக்கொடுத்து நீ உண்மையைச் சொன்னாய். என் மாணவிகளுக்கு இத்தனை வருடம் ஆதாரம், ஆதாரம் என்று பாடம் நடத்தினேன். அதற்கு என்ன விலை என்று உன்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தமிழ்மணி உனக்காகத் தனியாக ஆஜராவார். நீ கேட்க வேண்டியதே இல்லை.

உன் தங்கை,
கலை

*

விழுப்புரம்
19.8.2025

அன்புள்ள கலைக்கு,

எல்லோரும் நலம். அஸ்வினியைக் கல்லூரி ஹாஸ்டலில் சேர்த்துவிட்டேன். தமிழ்மணியை நான் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை இருதயமேரி சத்தமாகப் படித்தாள். நான் அவ்வளவு பேசினேனா என்று எனக்கே ஆச்சரியம்.

மருந்து அதிகாரிகள் வந்து என்னிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். காலி அட்டைகளை எங்கே போடுவீர்கள் என்று கேட்டார்கள். மையத்தின் பின்பக்கம் ஒரு குழியில் எரிப்போம். காகிதம் எரியும், தகடு எரியாது. நானே கூடப் போய் இடத்தைக் காட்டினேன். தோண்டினால் முழங்கால் ஆழத்துக்குத் தகடு. சிலதில் மருந்தின் பெயரும் நம்பரும் படிக்கிற மாதிரியே இருந்தன. பேக்கிங் பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி வெளியே வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

மையத்துக்குச் சீல் வைத்த மறுநாள் முதலாளி என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. "உனக்கு நான் இன்னாம்மா கெடுதல் செஞ்சேன்?" என்று கேட்டார்.

"எனக்கு நல்லதுதான் செஞ்சீங்க அய்யா. மயிலத்துல வுழுந்தாரே, அந்தப் பெரியவருக்கு இன்னா செஞ்சீங்க?" என்றேன்.

திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது ஒரு தையல் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிறேன்.

அன்புடன்,
வேணி

*

திண்டிவனம்
14.11.2025

அன்பு அக்காவுக்கு,

நலமா? மழை உன் பக்கமும் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். வீடு ஒழுகவில்லையே?

புகார் தள்ளுபடி ஆகிவிட்டது. இந்த வரியை எழுதத்தான் ஒன்பது மாதம் காத்திருந்தேன். கட்டுரை ஆய்வின் அடிப்படையில், மக்கள் நலனுக்காக எழுதப்பட்டது, மேற்கொண்டு விசாரிக்க முகாந்திரமில்லை என்று உத்தரவு; நகல் வைத்திருக்கிறேன். உன் வாக்குமூலத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கிறார் நீதிபதி. தாண்டவராயன்மேல் போட்டிருக்கும் சூரண வழக்கில் உன்னைக் குற்றவாளியாகச் சேர்க்கவில்லை, சாட்சியாகத்தான் சேர்த்திருக்கிறார்கள் என்று தமிழ்மணி உறுதியாகச் சொன்னார். கல்லூரியிலும் திங்கட்கிழமை முதல் வரச் சொல்லிவிட்டார்கள். கிருஷ்ணசாமி பழத்தோடு வீட்டுக்கு வந்தார். உன்னைப் பார்க்க வேண்டுமாம்.

'குடுவை'க்கு மறுபடி எழுதுகிறேன். இந்த முறை உன்னைப் பற்றி. கட்டுரைப் பிரதியையும் இதோடு வைத்திருக்கிறேன். உனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று பெயரை விட்டுவிட்டு, 'ஒரு பெண் ஊழியர்' என்று மட்டும் போட்டிருக்கிறேன். சரிதானா என்று படித்துப் பார்த்துச் சொல்.

அன்புடன்,
கலை

*

விழுப்புரம்
23.11.2025

அன்புள்ள கலைக்கு,

நலம். வீடு ஒழுகவில்லை. உத்தரவை இருதயமேரி வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினோம். நீ மறுபடி பாடம் நடத்தப் போகிறாய் என்பதுதான் எனக்கு அதைவிடச் சந்தோஷம். கிருஷ்ணசாமி ஐயாவை வரச் சொல். சாப்பிட்டுவிட்டு வரச் சொல்.

பிரதியைப் படித்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் சரியில்லை.

'ஒரு பெண் ஊழியர்' என்று போடாதே. அங்கே பதினோரு பெண்கள் இருந்தோம். ஊர் மற்ற பத்துப் பேரையும் சந்தேகமாகப் பார்க்கும். வேணி என்றே போடு. பேக்கிங் பிரிவு என்றும் போடு.

இன்னொன்று. நான் கூண்டில் ஏறியதிலிருந்து ஆரம்பித்து என்னைப் பெரிய ஆளாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் இன்னும் இரண்டு வரி வேண்டும். இரண்டு வருடம் அந்த மாத்திரைகளைப் பிதுக்கியது இவள்தான். தெரிந்த பிறகும் நாலு மாதம் பிதுக்கினாள். அதை முதலில் எழுதிவிட்டு, பிறகு மற்றதை எழுது.

அக்காவைப் பற்றி இப்படி எழுதக் கை வராது என்று எனக்குத் தெரியும். எழுது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நான் உன்மேல் கேஸ் போட மாட்டேன்.

அன்புடன் உன் அக்கா,
வேணி